காய்ந்த புல் பட்டாக்காரருக்கு, ஈரப் புல் நமக்கு

ஒரு ஐப்பசி மாதம் எங்கள் வளவுக்குப் பக்கத்தில் கால்நடை முகாம் போட்டார்கள். ஆடுகளை வரிசையில் பிடித்து நிறுத்தி வாயில் மருந்து ஊற்றினார்கள். ஊற்றி முடித்ததும் ஒருவர் மைக்கைப் பிடித்துப் புத்தி சொன்னார். விடியக்காலையில் பனிப்புல்லில் ஆட்டை விடாதீர்கள். குளத்தோரம், வாய்க்காலோரம், சேறு சகதியில் மேய்க்காதீர்கள். ஒரே இடத்தில் மேய்க்காமல் காட்டை நாலாகப் பிரித்து மாற்றி மாற்றி மேயவிடுங்கள். சொன்னதில் ஒரு வரி பொய் இல்லை, எல்லாம் அறிவியல். எங்கள் அம்மா ஆட்டுக்கயிற்றைக் கையில் சுருட்டிக்கொண்டே முழுசையும் கேட்டாள். கடைசியில், "அப்பறம் எங்கீங்க சாமி மேய்க்கறது?" என்றாள். கூட்டம் சிரித்தது. மைக் பிடித்தவரும் சிரித்தார். அவர் கெட்டவர் இல்லை. அவரிடம் பதில் இல்லை, அவ்வளவுதான். அந்தப் பதில் கால்நடைத் துறையில் கிடைக்காது, வருவாய்த் துறையின் அ-பதிவேட்டில் கிடக்கிறது.

பருவநிலை மாற்றம் என்று இப்போது எல்லோரும் பேசுகிறார்கள். பனிமலை உருகுகிறது, கடல் ஏறுகிறது, தென்னை காய்கிறது, விசைத்தறிக்கு மின்சாரம் போதவில்லை. கொங்கு நாட்டுக் கருத்தரங்குகளில் நொய்யலுக்கும் காங்கேயம் காளைக்கும் கண்ணீர் விடுகிறார்கள். விடட்டும். ஆனால் மழை தப்பிப் பெய்கிற காலத்தில் மாதாரி வீட்டு வெள்ளாட்டின் வயிற்றுக்குள் என்ன நடக்கிறது என்று எந்த மேடையிலும் பேசி நான் கேட்டதில்லை. அதைப் பேசுவதற்குக் கொஞ்சம் புழுவைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும். முகத்தைச் சுளிக்காமல் படியுங்கள்.

ஆட்டின் நாலாவது இரைப்பையில் ஒட்டிக்கொண்டு ரத்தம் குடிக்கிற ஒரு புழு இருக்கிறது. ஹீமாங்கஸ் என்று பேர். அரை விரல் நீளம்கூட இருக்காது. குடித்த ரத்தம் சிவப்பாக, சினைக்குழாய் வெள்ளையாக, இரண்டும் முறுக்கிய கயிறு மாதிரி தெரியும். ஒரு பெண் புழு நாளைக்கு 5,000 முட்டைக்கு மேல் இடும். ஒரு புழு ஒரு நாளில் குடிப்பது 0.05 மில்லி ரத்தம். கேட்க ஒன்றுமில்லாத மாதிரி இருக்கும். ஆயிரம் புழு இருந்தால் நாளொன்றுக்கு 50 மில்லி. 20 கிலோ ஆட்டின் உடம்பில் இருப்பதே ஒன்றரை லிட்டருக்கும் குறைவான ரத்தம். கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். கண்ணிமையைப் புரட்டினால் வெள்ளைத் துணி மாதிரி இருக்கும். தாடைக்குக் கீழே நீர் கோத்துத் தொங்கும். கழிச்சல்கூட இருக்காது, தீனி தின்றுகொண்டேதான் இருக்கும். ஒரு நாள் காலையில் பட்டியைத் திறந்தால் விறைத்துக் கிடக்கும்.

முட்டை புழுக்கையோடு வெளியே விழுகிறது. வெதுவெதுப்பும் ஈரமும் இருந்தால் ஒரு வாரத்துக்குள் குஞ்சுப்புழுவாகிப் பனித்துளியில் நீந்திப் புல்லில் ஏறுகிறது. அதிக உயரம் ஏறாது, பெரும்பாலும் தரையிலிருந்து ரெண்டு மூணு விரற்கடைக்குள்தான். ஆடு அந்தப் புல்லைக் கடித்தால் மறுபடி வயிற்றுக்குள். மூன்று வாரத்தில் அதுவும் முட்டை இடும். வெயில் சுட்டெரித்து மண் காய்ந்தால் முட்டையும் குஞ்சும் சாகும். ஆனால் புழுக்கைக்குள் ஒளிந்திருக்கிற குஞ்சு அவ்வளவு சீக்கிரம் சாவதில்லை. மேலே காய்ந்த ஓடு, உள்ளே கொஞ்சம் ஈரம். மழைக்குக் காத்துக் கிடக்கும்.

இங்கேதான் தட்பவெப்பம் வருகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் கிடக்கிற பூமி நம்முடையது. காங்கேயம், தாராபுரம், மூலனூர்ப் பக்கமெல்லாம் வடகிழக்குப் பருவமழையும் கொஞ்சம் கோடை மழையும்தான். அந்த வறட்சியே ஒரு வகையில் ஆட்டுக்குக் காவல், புழுவுக்கு எமன். இப்போது என்ன நடக்கிறது? வெயில் கூடுகிறது. 2024 ஏப்ரல் கடைசியிலும் மே தொடக்கத்திலும் ஈரோட்டில் 42 டிகிரியைத் தாண்டியது. மழையோ மொத்தத்தில் ஒரே அளவு பெய்தாலும் நாலு நாளில் கொட்டிவிட்டு ஓடுகிறது. 2015இல் வெள்ளம் வந்த அதே தமிழ்நாட்டில் 2016 வடகிழக்குப் பருவமழை 62 சதவீதம் பொய்த்தது. 2017 ஜனவரியில் எல்லா மாவட்டத்தையும் வறட்சி மாவட்டம் என்று அரசு அறிவித்தது.

வெப்பம் கூடினால் புழு சாகும்தானே, நல்லதுதானே என்று கேட்பார்கள். பாதி உண்மை. கடும் வெயிலில் குஞ்சுப்புழு சீக்கிரம் சாகிறது. அது தீனி தின்னாது, கையிருப்பை எரித்துத்தான் உயிர் வாழ்கிறது, சூடு கூடினால் கையிருப்பு சீக்கிரம் தீர்ந்துவிடும். ஆனால் ஆட்டின் வயிற்றுக்குள் வெயில் அடிப்பதில்லையே. காய்ச்சல் காலத்தில் தாய்ப்புழு உள்ளே உட்கார்ந்திருக்கும், சில சமயம் குஞ்சே வளராமல் இரைப்பைச் சுவரில் தூங்கிக் கிடக்கும். ஆறு மாசம் தீனியில்லாமல் ஆடு எலும்பும் தோலுமாக இருக்கிற நேரத்தில் ஒரே மழை. புல் முளைக்கிறது, புழுக்கை கரைகிறது, ஒதுங்கிக் கிடந்த குஞ்செல்லாம் ஒரே வாரத்தில் புல்லேறுகிறது. பசித்த ஆடு குனிந்து அடிப்புல்லைக் கடிக்கிறது. முன்பு மெல்ல மெல்ல ஏறிய புழு இப்போது ஒரே மூச்சில் ஏறுகிறது. தாங்குவதற்கு உடம்பில் தெம்பும் இல்லை.

இன்னொன்று ஈரல் தட்டைப்புழு. இது தண்ணீரில் இருக்கிற நத்தைக்குள் போய்ப் பெருகும். ஒரு முட்டை நத்தைக்குள் நூற்றுக்கணக்காகிவிடும். வெளியே வந்து நீரோரப் புல்லில் கூடு கட்டிக்கொண்டு ஒட்டிக் கிடக்கும். தண்ணீர் நிறைந்திருக்கும்போதைவிட வற்றும்போதுதான் ஆபத்து. ஊரெல்லாம் காய்ந்த பிறகு குளம் பின்வாங்குகிற ஓரத்தில் மட்டும் பச்சை தெரியும். எல்லா ஆடும் அங்கேதான் போகும். வறட்சி கூடக்கூட எல்லோரும் ஒரே ஈரத்துக்கு நெருக்குகிறார்கள். ஆகவே மழை பெய்தாலும் புழு, பெய்யாவிட்டாலும் புழு.

"புழுவுக்குச் சாதி ஏதுங்க?" என்று ஒரு நண்பர் கேட்டார். முற்போக்கானவர்தான். புழுவுக்குச் சாதி இல்லை, ஒத்துக்கொள்கிறேன். தோட்டத்துக்காரர் பட்டியிலும் மேச்சேரி ஆடு சோகை பிடித்துச் சாகத்தான் செய்கிறது. ஆனால் புல்லுக்குச் சாதி இருக்கிறது. நிலத்துக்குச் சாதி இருக்கும்போது அதில் முளைக்கிற புல்லுக்கு மட்டும் எப்படி இல்லாமல் போகும்?

கொறங்காடு என்று ஒன்று உண்டு. வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன். காங்கேயம் சுற்றுவட்டாரத்தில் கிளுவை வேலி போட்டு, உள்ளே கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமும் வளர்த்து, அடைப்பு அடைப்பாகப் பிரித்து ஆடுமாடு மேய்க்கிற தனியார் காடு. பழைய ஏற்பாடு, நல்ல ஏற்பாடு. சுற்றுச்சூழல்காரர்கள் அதைக் கொண்டாடுவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஒரு அடைப்பில் மேய்ந்து முடித்தால் மந்தையை அடுத்ததற்கு மாற்றுவார்கள். நம்ம ஊர்ச் சூட்டில் ஒன்றரை ரெண்டு மாசம் ஆட்டுக்கால் படாமல் ஒரு நிலம் கிடந்தால் அதிலிருக்கிற குஞ்சுப்புழு பெரும்பாலும் செத்துவிடும். மருந்துச் செலவே இல்லாத வைத்தியம். ஆனால் நிலம் சும்மா கிடக்கவேண்டும் என்றால் முதலில் நிலம் இருக்கவேண்டும். ஒரு அடைப்பைக் காயவிட்டு இன்னொன்றில் மேய்க்க ரெண்டு அடைப்பாவது வேண்டும். எங்கள் வளவில் எழுபது வீடு. ஒரு அடைப்பும் கிடையாது.

அந்தக் கொறங்காட்டில் ஆட்டை மாற்றி மாற்றி ஓட்டியவர்கள் யார்? வேலி கட்டியவர்கள் யார்? பண்ணையத்துக்கு விடப்பட்ட நம் பையன்கள்தான். பெருமாள்முருகனின் 'கூளமாதாரி' 2000இல் வந்தது. கவுண்டர் ஆட்டை மேய்க்கிற மாதாரிப் பிள்ளைகளின் கதை. படித்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. எந்தப் புல்லில் எப்போது ஆட்டை விடவேண்டும், எப்போது விடக்கூடாது என்பது அந்தப் பையன்களுக்கு மனப்பாடம். அந்த அறிவை நம் சொந்த ஆட்டுக்குப் பயன்படுத்த இடமில்லை. அறிவு நம்மிடம், நிலம் அவர்களிடம். இன்றைக்கு அதே அறிவுக்கு 'பாரம்பரிய மேய்ச்சல் முறை' என்று பேர் வைத்து நிலவுடைமையாளர் பேரில் வரவு வைக்கிறார்கள்.

நமக்கு மிஞ்சியது என்ன? குளத்துப் புறம்போக்கு, கீழ்பவானி வாய்க்கால் கரை, பி.ஏ.பி. வாய்க்கால் கரை, ரோட்டோரப் பள்ளம், தோட்டத்துக் கசிவு நீர் தேங்குகிற ஓடை. முகாமில் மேய்க்காதே என்று சொன்ன பட்டியலை எடுத்துப் பாருங்கள். அச்சடித்த மாதிரி அதே இடங்கள்! உலர்ந்த, காற்றாடும், மேட்டு நிலமெல்லாம் பட்டாவாகிவிட்டது. நீர் தேங்கும் பள்ளம் மட்டும் பொது. நத்தையும் நாமும் ஒரே புறம்போக்கில்.

நேரமும் அப்படித்தான். பனி காய்ந்து ஒன்பது பத்து மணிக்குமேல் மேய்க்கவேண்டும் என்கிறார்கள். கூலிக்குப் போகிறவள் எட்டு மணிக்குக் காட்டில் நிற்கோணும். திருப்பூர் பனியன் கம்பெனி வண்டி அதற்கும் முன்னால் வந்துவிடும். விடியலில் ஒரு மணி நேரம், பொழுது சாயும்போது ஒரு மணி நேரம். நம் ஆடு மேய்வது இந்த ரெண்டு நேரம்தான், குஞ்சுப்புழு புல்நுனிப் பக்கம் ஏறுகிற நேரமும் கிட்டத்தட்ட அதுதான். சனி ஞாயிறு மட்டும்தான் ஆட்டுக்கு நடுப்பகல் புல் கிடைக்கிறது, அதுவும் பள்ளிக்கூடம் போகிற பிள்ளையின் புண்ணியத்தில்.

வெள்ளாடு இயல்பில் குனிந்து மேய்கிற சாதி இல்லை. அண்ணாந்து தழை கடிக்கிற பிராணி. புல்தரைப் புழுவோடு மல்லுக்கட்டிப் பழகாததால் செம்மறியைவிட அதற்குப் புழுவைத் தாங்கும் சக்தி குறைவு. வேலியில் இருக்கிற கிளுவையும் வேலாங்காயும் கிடைத்தால் அது தரைப்புல்லைத் தேடாது. ஆனால் வேலியில் ஒரு கொழை ஒடித்தால் திருட்டு. ஆடு எட்டிக் கடித்தால் தொண்டுப்பட்டி, அபராதம், அதற்குமேல் வாயில் வந்த பேச்சு. இப்போது அந்த வேலியும் போய்க் கம்பிவேலி வந்துவிட்டது. கம்பிக்குள்ளே சைட் கல் நட்டிருக்கிறது, அல்லது கோழிப்பண்ணை, அல்லது காற்றாலை. கம்பியைக் கடித்து எந்த ஆடு பிழைக்கும்? ஆக ஆடு குனிகிறது.

2011இல் ஜெயலலிதா அரசு இலவச ஆடு திட்டம் கொண்டுவந்தது. ஐந்து வருடத்தில் 7 லட்சம் குடும்பத்துக்குத் தலா 4 ஆடு. நிலம் இல்லாத கிராமத்துப் பெண்களுக்கு என்றார்கள். நம் பெண்களும் வாங்கினார்கள். நான் அதைக் குறை சொல்லமாட்டேன். ஆடு எங்கள் வீட்டு உண்டியல். கெடாக் குட்டி ஒன்றை விற்றுத்தான் கல்லூரிக்குப் பணம் கட்டியிருக்கிறேன். ஆனால் அந்தத் திட்டத்தின் தருக்கத்தைப் பாருங்கள். நிலம் இல்லாததுதான் தகுதி. நிலம் இல்லாதவளுக்கு நாலு வாய். மேய்ச்சலுக்கு ஒரு சென்ட் இல்லை. 1892இல் வெள்ளைக்காரன் பஞ்சமர்களுக்கென்று ஒதுக்கத் தொடங்கிய நிலம் 12 லட்சம் ஏக்கர் என்கிறோம். அதை மீட்டுக்கொடுங்கள் என்று கேட்டுக் கேட்டு வாய் வலித்ததுதான் மிச்சம். கேட்டது காணி, கொடுத்தது குட்டி.

சொந்த ஆடு வாங்க முடியாதவர்கள் வாரத்துக்குப் பிடித்து வளர்க்கிறார்கள். பெட்டை ஆடு அவருடையது, உழைப்பு நம்முடையது, குட்டியில் பாதிப் பாதி. ஆடு புழு தின்று செத்தால் மட்டும் பாதிப் பாதி கிடையாது. "நீ சரியாப் பாக்கல" என்று முழுசும் நம் தலையில். அடுத்த ஈற்றில் வருகிற குட்டியில் கழித்துக்கொள்வார்கள். பருவநிலை மாற்றத்தின் நட்ட ஈடு பற்றி உலக மாநாடுகளில் பணக்கார நாட்டுக்கும் ஏழை நாட்டுக்கும் நடக்கிற வழக்கு எங்கள் ஊரில் ஒரு பெட்டை ஆட்டின் மேல் நடந்துகொண்டிருக்கிறது.

மருந்து இல்லையா? இருக்கிறது. அல்பென்டசோல், பென்பென்டசோல், ஐவர்மெக்டின், குளோசான்டெல். ஐவர்மெக்டினைக் கண்டுபிடித்தவர்களுக்கு 2015இல் நோபல் பரிசே கொடுத்தார்கள். ஆனால் ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப, அளவு குறைத்து ஊற்றினால் புழு பழகிக்கொள்ளும். தயபென்டசோல் என்று ஒரு மருந்து 1961இல் வந்தது. மூன்று நாலு வருடத்திலேயே அமெரிக்காவில் புழு அதற்குத் தப்பிக்கக் கற்றுக்கொண்டது. தமிழ்நாட்டிலும் இந்த வகை மருந்துகளுக்கு எதிர்ப்பு பதிவாகியிருக்கிறது. வெள்ளாட்டின் உடம்பு மருந்தைச் செம்மறியைவிட வேகமாகக் கழித்துவிடும், அதனால் அதற்கு அளவு கூட வேண்டும். முகாமிலோ வரிசையில் நிற்கிற எல்லாவற்றுக்கும் ஒரே மூடி. எடை போட நேரமில்லை, புழுக்கையைப் பரிசோதிக்க ஆளில்லை. மருந்தகம் திறந்திருக்கிற நேரம் கூலி வேலை நேரம். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு ஆட்டை இழுத்துக்கொண்டு போகலாம், நாலு ஆட்டுக்கும் அதே கதி என்றால் எத்தனை நாள் கூலி? 1962 என்று போன் போட்டால் வண்டி வருகிறது, அது நல்ல ஏற்பாடுதான். ஆனால் இந்தப் புழுவால் ஆடு விழுந்த பிறகு போன் போட்டால் பெரும்பாலும் நேரம் கடந்திருக்கும்.

தென்னாப்பிரிக்காக்காரர்கள் ஒரு எளிய வழி கண்டுபிடித்தார்கள். கண்ணிமையின் உள்நிறத்தை ஐந்து நிறம் அச்சிட்ட ஒரு அட்டையோடு ஒப்பிட்டு, வெளுத்த ஆட்டுக்கு மட்டும் மருந்து. பேமாச்சா என்று பேர். எழுதப் படிக்கத் தெரியவேண்டியதில்லை. மருந்தும் மிச்சம், புழு பழகுவதும் தள்ளிப்போகும். எங்கள் அம்மா அட்டையே இல்லாமல் இமையைப் புரட்டிப் பார்த்துச் சொல்லிவிடுவாள். வளவுக்கு ஒரு அட்டையும், அதைப் பார்க்கப் பழகிய ரெண்டு பெண்களும் போதும். அவர்களுக்கு ஒரு சம்பளமும் வேண்டும். 'தன்னார்வலர்' என்று பேர் வைத்து ஓசியில் வேலை வாங்கும் பழக்கத்தை இதிலும் கொண்டுவந்துவிடக் கூடாது.

1959இலேயே பிரிட்டனில் ஆலெரன்ஷா, ரௌலண்ட்ஸ் என்ற இரண்டு பேர் மழையையும் ஈரத்தையும் கணக்கிட்டு இந்த வருடம் ஈரல் புழு எப்படி இருக்கும் என்று முன்கூட்டியே சொல்கிற முறையை எழுதினார்கள். பெங்களூரில் இருக்கிற நிவேதி என்ற மத்திய நிறுவனமும் மாதாமாதம் மாவட்டவாரியாகக் கால்நடை நோய் முன்னறிவிப்பு வெளியிடுகிறது. அதில் ஈரல் தட்டைப்புழுவும் உண்டு. அந்த அறிவிப்பு வளவு வரைக்கும் நடந்து வந்து நான் பார்த்ததில்லை. தென்னைக்கு வெள்ளை ஈ வருகிறது என்றால் போனில் சேதி வருகிறது, தோட்டத்துக்காரர் பேர் பதிவேட்டில் இருக்கிறது. ஆட்டுக்காரி பேர் எந்தப் பதிவேட்டில் இருக்கிறது? 2019 கணக்கெடுப்புப்படி தமிழ்நாட்டில் சுமார் 99 லட்சம் வெள்ளாடு, 45 லட்சம் செம்மறி. ஆட்டை எண்ணிவிட்டார்கள்.

இனி நான் சொல்லப்போவது சிலருக்குக் கசக்கும். 2024 ஆகஸ்ட் 17 அன்று அத்திக்கடவு-அவினாசித் திட்டம் தொடங்கியது. கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களில் 1,045 குளம் குட்டைகளுக்குப் பவானி உபரிநீர். எத்தனையோ வருடக் கோரிக்கை. நம் ஆட்களும் கொடி பிடித்துப் போராடிய திட்டம். நிலத்தடி நீர் ஏறும், கிணறு ஊறும். யாருடைய கிணறு என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். ஆனால் இத்தனை வருடம் காய்ந்து கிடந்த அந்தக் குளத்தடிதான் நம் ஆடுகளின் மேய்ச்சல் நிலமாக இருந்தது. அங்கே தண்ணீர் நிற்கிறது என்றால் மேய்ச்சல் கரையோரத்துக்கு நெருக்கப்படுகிறது, நத்தைக்கும் வீடு கிடைக்கிறது. தண்ணீர் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. குளத்தடிக்குப் பதிலாக ஆட்டுக்கு எந்த இடம் என்று திட்ட அறிக்கை எழுதியவர்கள் ஒரு வரியாவது எழுதியிருக்கவேண்டும்.

இடம் இல்லாமல் இல்லை. மேய்ச்சல் புறம்போக்கு என்று அ-பதிவேட்டில் இருக்கிற எத்தனையோ ஏக்கர் இன்று யார் வேலிக்குள் இருக்கிறது என்று ஊருக்கே தெரியும். 2011 ஜனவரி 28இல் ஜக்பால் சிங் வழக்கில் உச்சநீதிமன்றம் கிராமத்துப் பொதுநிலங்களை ஆக்கிரமிப்பிலிருந்து மீட்கச் சொன்னது. அதே தீர்ப்பில் நிலமற்ற கூலிகளுக்கும் தாழ்த்தப்பட்டவர்களுக்கும் அரசே கொடுத்த குத்தகைக்கு விலக்கும் சொன்னது. நடைமுறையில் புல்டோசர் வந்தால் முதலில் குடிசைப் பக்கம்தான் திரும்புகிறது, கல்யாண மண்டபத்தின் பக்கம் திரும்பி நான் பார்க்கவில்லை. அந்த மேட்டு நிலத்தை மீட்டு, நாலு அடைப்பாகப் பிரித்து, கிளுவையும் வேலாமரமும் வைத்து வளவுப் பெண்களின் பேரில் குத்தகை கொடுத்தால் முகாமில் சொன்ன புத்திமதியை அட்சரம் பிசகாமல் நாங்கள் பின்பற்றுவோம். பனிக்காலத்தில் பட்டியிலேயே தழை கட்டித் தொங்கவிட்டு, வெயில் ஏறிய பிறகு பகலில் மேய்க்க ஒரு ஆளுக்கு ஊரக வேலைத் திட்டத்தில் கூலி கொடுக்கலாம். வாய்க்கால் தூர் வாரக் கொடுத்திருக்கிறார்கள், ஆடு மேய்ப்பது மட்டும் வேலை இல்லையா?

இதை எழுதி எங்கள் ஊர்க் கிராம சபையில் கொடுத்தோம். சர்வே எண்ணோடு கொடுத்தோம். வாசித்தவர் எண்ணைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டார். முன் வரிசையில் உட்கார்ந்திருந்த வேலிக்காரர் எழுந்து, "ஆட்டுக்குப் பூச்சி மருந்து வேணும்னா நானே வாங்கித் தர்றேன், இதெல்லாம் எதுக்கு?" என்றார். தீர்மானப் புத்தகத்தில் 'குடற்புழு நீக்க முகாம் நடத்தக் கோருதல்' என்று எழுதியிருக்கிறார்கள். நாங்கள் அதற்குக் கீழே கையெழுத்துப் போடவில்லை. தகவல் உரிமைச் சட்டத்தில் அந்த சர்வே எண்ணின் அடங்கல் நகல் கேட்டு மனுப் போட்டிருக்கிறோம். மற்ற ஊர்த் தோழர்களும் தங்கள் ஊர் மேய்ச்சல் புறம்போக்கின் எண்ணை எடுத்து வையுங்கள்.